ஒரே அறிவிப்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு பதில்

நாளை காலை 10 மணிக்கு உங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாழும் இடம் இந்த நிமிடத்திலிருந்து தனி நாடு. நேற்றுவரை யாரும் இதைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் பெரியம்மா குடியிருக்கும் ஊர் இனி வெளிநாடு. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தண்ணீர். அப்பாவின் வேலை நிலைக்குமா என்பது தெரியாது.

மகிழ்வீர்களா, அழுவீர்களா, அல்லது பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்களா?

சிங்கப்பூரில் அன்று வாழ்ந்த ஏறத்தாழ 1.9 மில்லியன் பேருக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு, வானொலி நிகழ்ச்சியை இடைநிறுத்தி ஒரு பிரகடனம் வாசிக்கப்பட்டது. சிங்கப்பூர் இனி மலேசியாவின் மாநிலம் அல்ல, சுதந்திர நாடு என்றது அந்த அறிவிப்பு. அதே நேரத்தில் கோலாலம்பூரில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் பிரிவினையை அறிவித்தார். அரசமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக 126 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை.

பாடப்புத்தகத்தில் இந்தக் கதை பெரும்பாலும் தலைவர்களின் கதையாகவே வருகிறது. யார் கையெழுத்திட்டார், யார் கண்கலங்கினார், யார் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும். வானொலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் எல்லாரும் ஒரே உணர்வில் இருந்தார்களா? இல்லை. ஒருவர் எங்கே நின்று அந்தச் செய்தியைக் கேட்டார் என்பதைப் பொறுத்து அவருடைய பதில் மாறியது. அந்தப் பதிலும் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை.

காத்திருந்த நாளும் எதிர்பாராத நாளும்

நம் வட்டாரத்திலேயே இரண்டு சுதந்திர அறிவிப்புகள் உள்ளன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும்.

மலாயாவின் சுதந்திரம் சொல்லிவைத்து வந்தது. லண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு, 1956 பிப்ரவரி 20ஆம் தேதி மலாக்காவில் கூடிய மக்களிடம் சுதந்திர நாளை அறிவித்தார். 1957 ஆகஸ்ட் 31 வருவதற்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. அந்த இடைவெளியில் கோலாலம்பூரில் மெர்டேக்கா விளையாட்டரங்கம் கட்டி முடிக்கப்பட்டது. தேசிய கீதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அரசமைப்பு எழுதப்பட்டது.

ஆகஸ்ட் 30 நள்ளிரவில், சிலாங்கூர் கிளப் திடலில் மக்கள் திரண்டனர். விளக்குகள் அணைக்கப்பட்டன. பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியது. மறுநாள் காலை புதிய அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் முன்னிலையில் துங்கு பிரகடனத்தை வாசித்து, 'மெர்டேக்கா' என்று ஏழு முறை முழங்கினார். கூட்டமும் ஏழு முறை முழங்கியது. மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே முடிவாகியிருந்தது. வர வேண்டும், நிற்க வேண்டும், முழங்க வேண்டும்.

சிங்கப்பூரில் 1965இல் திடலும் இல்லை, கூட்டமும் இல்லை, நள்ளிரவு முழக்கமும் இல்லை. பிரிவினை உடன்பாடு ஆகஸ்ட் 7ஆம் தேதி இடப்பட்டது. அது இரகசியமாகக் காக்கப்பட்டதால், வானொலியில் கேட்கும்வரை பொதுமக்களுக்கு எதுவும் தெரியாது.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. மலாயா மக்கள் கேட்டது சுதந்திரம், கிடைத்தது சுதந்திரம். சிங்கப்பூரர்கள் வாக்களித்தது வேறொன்றுக்கு. 1962 செப்டம்பர் 1ஆம் தேதி நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில், அரசாங்கம் முன்வைத்த இணைப்புத் திட்டத்துக்கு 71 விழுக்காட்டினர் வாக்களித்தனர். இணைய வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி வாக்குச்சீட்டில் இல்லை. எந்த வகையில் இணைவது என்பதே கேள்வி. ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் வெற்றுச் சீட்டுப் போட்டனர். 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உருவானது. மலேசியாவுக்குள் இருப்பதுதான் சுதந்திரத்தின் வழி என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லப்பட்டவர்களிடம், மலேசியாவுக்கு வெளியே இருப்பதுதான் சுதந்திரம் என்று ஒரு காலையில் சொல்லப்பட்டது.

ஆகவே முதல் பதில் எதுவாக இருந்திருக்கும்? பலருக்கு அது மகிழ்ச்சியும் அல்ல, துயரமும் அல்ல. "இது உண்மையா?" என்ற கேள்விதான்.

பட்டாசும் கலக்கமும்

அன்று சைனாடவுனில் சிலர் பட்டாசு கொளுத்தினர். இணைப்புக் காலம் இன அரசியலின் கசப்பில் கழிந்திருந்தது. அந்த அழுத்தத்திலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது என்று வணிகர்கள் பலர் எண்ணினர்.

அதே நாள் நண்பகலில், பிரதமர் லீ குவான் இயூ செய்தியாளர்களைச் சந்தித்தார். இரு நிலப்பகுதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தாம் வாழ்நாள் முழுவதும் நம்பியதைச் சொல்லும்போது உணர்ச்சிவசப்பட்டார். தம்மைத் திடப்படுத்திக்கொள்ளப் பதிவைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பட்டாசு, இன்னொரு பக்கம் கண்ணீர். இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே நாளில்.

இந்த இரண்டு காட்சிகளும் அடிக்கடி சொல்லப்படுபவை. இவற்றுக்கு நடுவே இருந்தவர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மலாய்ச் சமூகத்தை எண்ணிப் பாருங்கள். மலேசியாவுக்குள் அவர்கள் நாட்டின் பெரிய சமூகத்தின் ஓர் அங்கம். காலை 10 மணிக்குப் பிறகு புதிய நாட்டின் சிறுபான்மையினர். வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் அவர்களைச் சுற்றியிருந்த கோடு நகர்ந்துவிட்டது. நம் எதிர்காலம் என்ன என்ற கலக்கம் அவர்களில் பலருக்கு எழுந்தது இயல்பே.

இந்தியச் சமூகம் எப்படியும் சிறுபான்மைதான். மலேசியாவுக்குள் இருந்தாலும், வெளியே இருந்தாலும் அந்த எண்ணிக்கைக் கணக்கு பெரிதாக மாறப்போவதில்லை. அவர்களுடைய கவலை வேறு இடத்தில் இருந்தது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்த தமிழர், மலையாளிகள் பலருக்கு முதலில் எழக்கூடிய கேள்வி, வேலை என்ன ஆகும் என்பதுதான். அப்போது வேலையின்மை ஏறத்தாழ 10 விழுக்காடு. பிரிட்டிஷ் படைத்தளங்களை நம்பியிருந்தது பொருளியலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. கொடி யாருடையது என்பதைவிட, மாதக் கடைசியில் சம்பளம் யார் கொடுப்பார் என்பது பல குடும்பங்களுக்கு நெருக்கமான கேள்வி.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று இருந்தது. அது ஓராண்டுக்கு முந்தைய நினைவு. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களில் மொத்தம் 36 பேர் உயிரிழந்திருந்தனர். ஊரடங்கில் கதவடைத்துக் கிடந்த நாள்கள் யாருக்கும் மறக்கவில்லை. அதன் பிறகு அண்டைவீட்டாரிடையே நம்பிக்கையை மீட்க வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அதோடு இந்தோனீசியாவின் எதிர்ப்பு நடவடிக்கையும் நடந்துகொண்டிருந்தது. 1965 மார்ச் 10ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டோனல்டு ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டு மூவரைப் பலிகொண்டது.

இந்தப் பின்னணியில், ஆகஸ்ட் 9ஆம் தேதி பலர் அமைதியாக இருந்ததை அக்கறையின்மை என்று சொல்ல முடியாது. அமைதியாக இருப்பதே அன்று ஒரு பொறுப்பான பதில். எதையும் அறியாமல் கொண்டாடினாலும், எதையும் அறியாமல் கொதித்தாலும் என்ன நடக்கும் என்று அவர்கள் ஓராண்டுக்கு முன்புதான் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

கொடி முன்பே இருந்தது

புதிய நாடு என்றால் புதிய கொடி, புதிய கீதம் என்று எதிர்பார்ப்போம். சிங்கப்பூருக்கு அந்தத் தேவை எழவில்லை. இப்போது நாம் ஏற்றும் கொடியும், சுபிர் சயிட் இயற்றிய 'மஜுலா சிங்கப்பூரா'வும் 1959 டிசம்பர் 3ஆம் தேதியே அறிமுகமாகிவிட்டன. அப்போது சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. பிறகு மலேசியாவின் மாநிலம். மாநிலக் கொடியாக மக்கள் பார்த்துப் பழகிய துணியே ஒரு காலையில் தேசியக் கொடியாகிவிட்டது.

இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. அன்று தெருவில் நடந்தவருக்கு எந்த மாற்றமும் கண்ணில் படவில்லை. அதே கொடி, அதே காசு, அதே பேருந்து, அதே சந்தை. 'நாடு மாறிவிட்டது' என்பது காதால் கேட்ட செய்தியாக மட்டுமே இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க மக்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். முதல் தேசிய தின அணிவகுப்பு 1966 ஆகஸ்ட் 9ஆம் தேதி பாடாங்கில் நடந்தது. மலாயாவில் கொண்டாட்டத்தோடு சுதந்திரம் வந்தது. இங்கே சுதந்திரம் வந்து ஓராண்டு கழித்துத்தான் கொண்டாட்டம் வந்தது.

கடற்பாலத்தின் இரண்டு முனைகள்

ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். 1924 முதல் மக்கள் அதில் போய்வந்துகொண்டிருந்தனர். மாப்பிள்ளை இங்கே, பெண் அங்கே. அண்ணன் ஜோகூர் ரப்பர் தோட்டத்தில், தம்பி சிங்கப்பூர் துறைமுகத்தில். தீபாவளிக்கு அங்கே போவார்கள், தைப்பூசத்துக்கு இங்கே வருவார்கள். அது ஒரே நாட்டின் இரண்டு ஊர்களுக்கு இடையிலான பயணம்.

தலைவர்களின் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்தவர். துணைப் பிரதமர் டோ சின் சாய் பிறந்ததும் மலாயாவில்தான். நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ பிறந்தது மலாக்காவில். பிரிவினை உடன்பாட்டில் கையெழுத்திட ராஜரத்தினமும் டோவும் முதலில் தயங்கினர். வேறு வழியில்லை என்று துங்கு ஒரு கடிதம் எழுதிய பிறகுதான் ஒப்புக்கொண்டனர். அந்தத் தயக்கத்தில் அரசியல் மட்டும் இருந்திருக்க முடியாது. பிறந்து வளர்ந்த ஊர் வெளிநாடாவதை யார்தான் எளிதில் ஒப்புக்கொள்வார்?

சாதாரணக் குடும்பங்களுக்குக் கையெழுத்திடும் வாய்ப்போ மறுக்கும் வாய்ப்போ தரப்படவில்லை. அவர்கள் செய்தது ஒன்றுதான். வழக்கம்போலப் பாலத்தைக் கடந்தார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதி கடப்பிதழ் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. குடிநுழைவுச் சோதனை 1967இல்தான் வந்தது. அதுவரை இரு நாடுகளுக்கிடையே மக்கள் ஒரே நாட்டுக்காரர்களைப் போலவே நடமாடினார்கள்.

அந்தப் பழக்கம் எல்லை வந்த பிறகும் முற்றாக விடவில்லை. நாடு பிரிந்து பல ஆண்டுகள் கழித்தும் சிங்கப்பூர்க் காற்பந்துக் குழு மலேசியக் கிண்ணப் போட்டியில் ஆடியது. 1977இல் கிண்ணத்தையும் வென்றது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் மலாயா ரயில்வேயின் வண்டிகள் 2011 வரை வந்து நின்றன. அரசியல் வெட்டிய கோட்டை மக்கள் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் அட்டை என்ன நிறம்?

சுதந்திரத்துக்குச் சாதாரண மக்கள் தந்த மிக முக்கியமான பதில் முழக்கமல்ல, விண்ணப்பப் படிவம். நான் எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் எழுத்தில் பதில் தர வேண்டியிருந்தது.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி 1965இல் புதிதாக வந்ததல்ல. சிங்கப்பூரில் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோதே அது எழுந்தது. குறிப்பிட்ட காலம் இங்கு வாழ்ந்தவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, வயதான காலத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் பலர். அவர்களுக்குக் குடியுரிமை என்பது ஊரை விட்டுக்கொடுப்பதுபோல் தோன்றியது. வாழும் நாட்டில் உரிமை பெற்று வேரூன்ற வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி முக்கியமானவர்.

1965இன் அறிவிப்பு அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. குடியுரிமை இல்லாதவர்கள் இங்கு வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டிலேயே நிறைவேறியது. ஜோகூரிலிருந்து வந்து வேலை பார்த்தவர் முந்தைய ஆண்டு உள்ளூர்க்காரர், இப்போது வெளிநாட்டு ஊழியர். 1966இல் புதிய அடையாள அட்டைகளுக்கான பதிவு தொடங்கியது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் நீல அட்டை என்றால் குடிமகன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி. ஒரே நீல நிறம் அக்கரையில் ஒன்றைச் சொன்னது, இக்கரையில் வேறொன்றைச் சொன்னது.

படிவத்தை நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியத் தோட்டங்களில் வலிமிகுந்த சான்று உண்டு. மலாயா சுதந்திரம் பெற்றபோது, தகுதியான வசிப்புக்காலம் உள்ளவர்கள் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமை பெற வழி இருந்தது. ஆனால் தோட்ட வாழ்க்கை வெளியுலகிலிருந்து ஒதுங்கியது. படிவத்தின் மதிப்பு பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இருந்தனர். அதுபற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1968இல் குடியுரிமை இல்லாதவர்களின் வேலைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்து, மறு ஆண்டு நடப்புக்கு வந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது. பிறந்ததிலிருந்து ரப்பர் மரத்தைத் தவிர வேறெதையும் அறியாதவர்கள் உட்பட, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

சுதந்திர நாளில் 'மெர்டேக்கா' என்று உரக்க முழங்கியவரும் அவர்களில் இருந்திருக்கலாம். முழக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. ஒரு தாள் காப்பாற்றியிருக்கும்.

பிரிந்து முடிக்கச் சில ஆண்டுகள்

அறிவிப்பை வாசிக்கச் சில நிமிடங்கள் போதும். அது வாழ்க்கையாக மாற எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள்.

1965 ஆகஸ்ட் 9: சிங்கப்பூர் தனி நாடாகிறது.

1965 செப்டம்பர் 21: ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உறுப்பியம் பெறுகிறது.

1965 டிசம்பர் 22: குடியரசாகிறது. யூசோஃப் இஷாக் முதல் அதிபர்.

1966 ஆகஸ்ட்: முதல் தேசிய தின அணிவகுப்பு. பள்ளிகளில் தேசியப் பற்றுறுதி தொடங்குகிறது.

1967 ஜூன் 12: தனி நாணயம் வெளியாகிறது.

1967: கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை தொடங்குகிறது. முழுநேரத் தேசிய சேவை தொடங்குகிறது.

1971: பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி வெளியேறுகிறது.

1972: மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய விமான நிறுவனம் இரண்டாகிறது.

1973: இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லும் ஏற்பாட்டிலிருந்து மலேசியா விலகுகிறது.

எட்டு ஆண்டுகள். பையில் இருந்த காசிலிருந்து பாலத்தில் நின்ற அதிகாரிவரை ஒவ்வொன்றாக மாறிய பிறகுதான், அந்தத் திங்கட்கிழமை கேட்ட செய்தி முழுப்பொருளில் உண்மையானது.

உங்கள் வயதில் இருந்தவர்கள்

அந்த ஆண்டுகளில் மாணவர்களாக இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? புதிய நாட்டின் சில பழக்கங்களை முதலில் கைக்கொண்டவர்கள் அவர்களே.

1966இல் ராஜரத்தினம் பற்றுறுதியின் முதல் வரைவை எழுதினார். இனம், மொழி, மதம் ஆகியவை மக்களைப் பிரிக்கும் ஆற்றல் கொண்டவை என்பதைக் கலவரங்களில் கண்டவர் அவர். அவற்றைக் கடந்து ஒன்றுபடுவதை நாள்தோறும் சொல்லும் உறுதியாக மாற்ற விரும்பினார். ஆகஸ்ட் 24ஆம் தேதி 500க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர்கள் முதன்முறையாக அதைச் சொன்னார்கள். நான்கு மொழிகளிலும் அது அமைந்தது. பெரியவர்கள் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் காலை வெயிலில் நின்று 'சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்' என்ற எண்ணத்தைப் பழகத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்தது தேசிய சேவை. 1954 மே மாதம், பிரிட்டிஷ் ஆட்சி இளையர்களைப் படைக்கு அழைத்தபோது சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர். 13 ஆண்டுகள் கழித்து, 1967 ஆகஸ்டில், முதல் தொகுதியைச் சேர்ந்த சுமார் 900 பேர் முழுநேரத் தேசிய சேவையில் சேர்ந்தனர். தொகுதிதோறும் வழியனுப்பு விருந்துகள் நடந்தன. பெற்றோருக்குப் பயம் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் யாருடைய படை என்ற கேள்விக்கு இப்போது வேறு பதில் இருந்தது. சுதந்திர அறிவிப்புக்கு 18 வயது இளையர் ஒருவர் தந்த பதில் என்ன என்று கேட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனதைத்தான் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் அரசாங்கம் வகுத்த திட்டங்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டம் இருந்தது, மறுத்தால் தண்டனையும் இருந்தது. எனினும், சட்டத்தால் ஒருவரை வரிசையில் நிற்க வைக்கலாம், பக்கத்தில் நிற்பவரைத் தன் நாட்டவராக எண்ண வைக்க முடியாது. அந்த இரண்டாவது பகுதி மக்கள் தாங்களாகச் செய்தது. அதனால்தான் அதற்குத் தேதி எதுவும் இல்லை.

கேட்டு வையுங்கள்

1965இல் 15 வயதாக இருந்தவருக்கு 2025இல் 75 வயது. அந்தக் காலையை நேரில் அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மக்களின் நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறது. அவற்றில் பல பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம். சமூகவியல், வரலாறு படிப்பவர்களுக்கு அது ஒரு புதையல். ஆனால் உங்கள் தாத்தாவின் குரல் அங்கே இல்லையென்றால், அதைப் பதிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

"சுதந்திரம் வந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்டால், "சந்தோஷமாக இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். 60 ஆண்டு வளர்ச்சியைப் பார்த்த பிறகு வரும் பதில் அது. அன்றைய பதிலைப் பெறச் சின்னக் கேள்விகளைக் கேளுங்கள்.

அன்று காலை எங்கே இருந்தீர்கள்? செய்தியை முதலில் யார் சொன்னார்?

அன்று வீட்டில் எதைப் பற்றிப் பேசினார்கள்? வேலையா, உறவினரா, தண்ணீரா?

பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் சொந்தக்காரர் யார் இருந்தார்? அடுத்து எப்போது பார்த்தீர்கள்?

அடையாள அட்டையை எப்போது வாங்கினீர்கள்? வாங்க வேண்டாம் என்று வீட்டில் யாராவது சொன்னார்களா?

முதன்முதலில் எப்போது கடப்பிதழோடு ஜோகூர் பாரு போனீர்கள்?

ஒரு எச்சரிக்கையும் தேவை. நினைவு காலப்போக்கில் மற்றவற்றோடு கலந்துவிடும். லீ குவான் இயூ கண்கலங்கிய காட்சி அன்றே தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆனால் அப்போது பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சி இல்லை. "நான் அன்றே பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், எங்கே பார்த்தீர்கள், சமூக நிலையத்திலா, பக்கத்து வீட்டிலா என்று கேளுங்கள். சில நேரம் அவர் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து வந்த மறுஒளிபரப்பாக இருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. நாடு திரும்பத் திரும்பச் சொன்ன கதை அவருடைய சொந்த நினைவில் இடம்பிடித்துவிட்டது என்று பொருள்.

மலேசியாவில் சொந்தங்கள் இருந்தால் அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஆகஸ்ட் 9 அவர்களுக்கும் ஒரு நாள்தான். சிங்கப்பூர் அத்தை வெளிநாட்டு அத்தையான நாள். இரண்டு கரையின் பதில்களையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கும் அந்தக் காலை, உங்கள் குடும்பத்தில் எத்தனை பத்திகளாக இருந்தது என்பது அப்போது தெரியும்.